நீறுபூத்த நெருப்பு: குரோன்ஸ் நோயில் 'சுகம்' என்பது எது?

ஒரு நோய் தணிந்துவிட்டது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? நோயாளியா, அவரைப் பரிசோதிக்கும் வைத்தியரா, அல்லது நோய் குடிகொண்டிருக்கும் உறுப்பா? தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் இக்கேள்வி எழுவதில்லை. காய்ச்சல் விட்டால் விட்டதுதான். ஆனால், சில நோய்களில் இம்மூவரும் மூன்று விதமாகப் பதில் சொல்வார்கள். அவற்றுள் ஒன்று குரோன்ஸ் நோய். "எனக்கு இப்போது ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன்" என்று நோயாளி மனநிறைவோடு கூறும் அதே வேளையில், அவருடைய குடலின் உட்சுவர் புண்பட்டுக் கொண்டிருக்கலாம். நீறுபூத்த நெருப்பு என்று நம்மவர்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும்.

வாழ்நாளின் பெரும்பகுதியை அரசியல் செய்திகளோடு கழித்த ஒருவன் குடல் நோய் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். காரணம் இரண்டு. முதலாவது, புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் நம்மவர் குடும்பங்களில் இந்நோயின் பெயர் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. அதுவும் பெரும்பாலும் பதினைந்திலிருந்து முப்பது வயதுக்கு இடைப்பட்ட பிள்ளைகளுக்கு. இரண்டாவது, இந்நோயின் கடந்த ஐம்பது ஆண்டு கால வரலாறு, சாட்சியம் என்பது என்ன, சான்று என்பது என்ன என்பது பற்றிய வரலாறாகவும் இருக்கிறது. அது பத்திரிகைத் தொழிலில் இருந்தவனுக்கு அந்நியமான விடயமல்ல.

நோயை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1932 ஆம் ஆண்டு நியூயோர்க்கின் மவுண்ட் சினாய் வைத்தியசாலையைச் சேர்ந்த பரில் குரோன், லியோன் கின்ஸ்பேர்க், கோர்டன் ஒப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 14 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையொன்றை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். சிறுகுடலின் கடைப்பகுதி தடித்து, புண்ணாகி, ஒடுங்கிப்போகும் ஒரு நோயை அவர்கள் விவரித்தார்கள். ஆசிரியர்களின் பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் அமைந்ததால் குரோனின் பெயர் முதலில் வந்தது. நோய்க்கும் அப்பெயரே நிலைத்துவிட்டது. இதற்கு 19 ஆண்டுகளுக்கு முன்னர், 1913 இல், கிளாஸ்கோவைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் கென்னடி டால்சியல் இதே போன்ற நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார். முதலில் சொன்னவனுக்குப் பெயர் கிடைப்பதில்லை என்பது பத்திரிகையுலகுக்கு மட்டும் உரிய விதியல்ல போலும்.

வாயிலிருந்து மலவாய் வரை உணவுப்பாதையின் எப்பகுதியையும் இந்நோய் தாக்கலாம். எனினும், சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடமே இதற்கு மிகவும் பிடித்தமான இடம். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புத் தொகுதி குடலின் மீதே ஓயாமல் போர் தொடுப்பதால் உண்டாகும் அழற்சி இது. பரம்பரை அணுக்கள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சூழல் ஆகிய மூன்றும் இதில் பங்கு வகிக்கின்றன. புகைத்தல் இதனை மோசமாக்கும் என்பதில் ஐயமில்லை. வயிற்றுவலி, வயிற்றோட்டம், எடை குறைதல், களைப்பு, குருதிச்சோகை ஆகியன வழமையான அறிகுறிகள். முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் அடக்கி வைக்க முடியும்.

இந்நோயில் அழற்சி குடல்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவிச் செல்வது. புண் ஆறும்போது தழும்பு உண்டாகிறது. தழும்பு குடலை ஒடுக்குகிறது. வேறு சிலருக்குப் புண் சுவரைத் துளைத்து, பக்கத்துக் குடலுக்கோ, சிறுநீர்ப்பைக்கோ, தோலுக்கோ வழி திறந்து விடுகிறது. இவற்றை மருந்தால் மீட்பது கடினம். கத்திதான் வழி. 2002 இல் பாரிஸ் வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வொன்று, 20 ஆண்டுகள் கடந்த நிலையில் ஒடுக்கமோ துளையோ இன்றி வெறும் அழற்சியோடு மட்டும் இருந்தவர்கள் ஏறத்தாழ 12 சதவீதத்தினரே என்று கணித்தது. மற்றவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சேதத்தைச் சுமந்தவர்கள். அந்நோயாளிகளில் பெரும்பாலானோர் இன்றைய மருந்துகள் வருமுன் நோயுற்றவர்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆயினும், கவனிக்காது விட்டால் இந்நோய் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு அது போதிய சான்று.

சேதம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. வலியில்லாத மாதங்களிலும் அது சிறிது சிறிதாகச் சேர்கிறது. நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இங்கேதான் பிறக்கிறது. நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பது அவர் இன்று உணரும் சுகமா, அல்லது அவருடைய குடலில் இன்று இருக்கும் அழற்சியா?

நீண்ட காலமாக மருத்துவ உலகம் முதலாவதையே நம்பியிருந்தது. 1976 இல் அமெரிக்காவில் வில்லியம் பெஸ்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்நோயின் வீச்சை அளக்க ஒரு புள்ளித் திட்டத்தை வகுத்தனர். நோயாளி ஏழு நாட்களுக்கு ஒரு நாட்குறிப்பு எழுத வேண்டும். எத்தனை தடவை வயிற்றால் போனது, வலி எவ்வளவு, உடல்நிலை எப்படி என்பனவெல்லாம் அதில் அடங்கும். அவற்றோடு எடை, குருதிச்சோகை போன்ற சிலவற்றையும் சேர்த்து எட்டு விடயங்களுக்குப் புள்ளி வழங்கப்பட்டது. மொத்தம் 150 இற்குக் குறைந்தால் நோய் தணிந்துவிட்டது என்று பொருள். புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகள் பல தசாப்தங்களாக இந்த அளவுகோலையே கையாண்டன.

அந்த அளவுகோல் ஒரு காலத்தின் தேவை. அதற்கு முன்னர் ஒப்பிடுவதற்குப் பொதுவான முறையே இருக்கவில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி நோயாளியின் வாய்மொழி. வாய்மொழி பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு சம்பவத்தை நேரில் கண்டவரின் வாக்குமூலத்தை நாம் மதிப்போம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு தலைப்புச் செய்தி எழுத மாட்டோம். ஆவணம் இருக்கிறதா என்று தேடுவோம். குரோன்ஸ் நோயில் அந்த ஆவணம் குடலுக்குள் இருந்தது. அதை எடுத்துப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

1990 இல் பிரெஞ்சு வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு முதற்சான்று. நோய் தீவிரமாக இருந்த 142 பேருக்கு ஸ்டீரொய்ட் மாத்திரை கொடுத்தார்கள். ஏழு வாரங்களுக்குள் 92 சதவீதத்தினரின் அறிகுறிகள் தணிந்தன. எவரும் வெற்றி என்றே சொல்வர். ஆனால் அவ்வாறு தணிந்தவர்களின் குடலைக் கருவியால் உள்ளே பார்த்தபோது, உண்மையில் புண் ஆறியிருந்தவர்கள் 29 சதவீதத்தினர் மாத்திரமே. ஸ்டீரொய்ட் வலியைத் தணித்தது; புண்ணை ஆற்றவில்லை.

அதே ஆண்டு பெல்ஜியத்தின் லூவன் நகரிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. நோயுற்ற குடற்பகுதியை வெட்டி அகற்றிய பின்னர் நோயாளிகளைத் தொடர்ந்து அவதானித்தார்கள். ஓராண்டுக்குள் 73 சதவீதத்தினரின் குடலில், தைத்த இடத்தருகே, நோய் மீண்டும் தலைகாட்டியிருந்தது. ஆனால் அறிகுறி தெரிந்தவர்கள் 20 சதவீதத்தினரே. எஞ்சியோர் தாங்கள் நோயிலிருந்து விடுபட்டுவிட்டதாகவே எண்ணி நடமாடினர். பின்னர் யாருக்கு நோய் முற்றும் என்பதை முன்கூட்டிக் காட்டியது, அவர்கள் சொன்ன சுகமல்ல. உள்ளே தெரிந்த புண்களின் அளவு.

2010 இல் வெளியான 'சொனிக்' எனும் பெரிய ஆய்வின் தரவுகளைச் சில ஆண்டுகளின் பின் மீண்டும் அலசியவர்களும் இதையே கண்டார்கள். பழைய புள்ளித் திட்டத்தின்படி நோய் தணிந்தவர்கள் என்று கணிக்கப்பட்டோரில் ஏறத்தாழ அரைப்பங்கினருக்குக் குடலிலோ குருதியிலோ அழற்சியின் தடயம் எஞ்சியிருந்தது.

இவ்விடத்தில் ஒரு பழைய அரசியல் செய்தி நினைவுக்கு வருகிறது. 1956 மே மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு இந்நோய் இருப்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டின. ஜூன் 9 ஆம் திகதி குடல் அடைப்புக்காக வோல்ட்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கு முந்திய செப்டெம்பரில்தான் அவர் மாரடைப்பிலிருந்து தப்பியிருந்தார். பத்திரிகைகளுக்கு அப்போது முக்கியமாக இருந்த கேள்வி ஒன்றுதான்: இந்த மனிதர் மீண்டும் தேர்தலில் நிற்பாரா? அவர் நின்றார், நவம்பரில் வென்றார், பதவிக்காலத்தை முடித்தார். எழுந்து நின்றார், எனவே சுகம் என்பதே அன்றைய கணக்கு. அவரைப் பொறுத்தவரை அக்கணக்குப் பொய்க்கவில்லை. ஆனால் அவருக்கு அப்போது 65 வயது. இருபது வயதில் இந்நோய் வந்த ஒரு பிள்ளை அதே குடலோடு இன்னும் ஐம்பது அறுபது ஆண்டுகள் வாழ வேண்டும். எழுந்து நிற்கிறாரா என்ற கணக்கு அப்பிள்ளைக்குப் போதாது.

அப்படியானால் குடலின் நிலையை எப்படி அறிவது? ஒவ்வொரு மாதமும் குழாயை உள்ளே செலுத்திப் பார்க்க முடியாது. இங்கே இரண்டு எளிய சோதனைகள் கைகொடுக்கின்றன. ஒன்று, சி.ஆர்.பி. எனப்படும் குருதிச் சோதனை. மற்றையது, மலத்தில் உள்ள கல்புரொடெக்டின் எனும் புரதத்தை அளப்பது. குடலில் அழற்சி இருந்தால் வெண்குருதிக் கலங்கள் அங்கே குவிகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் இப்புரதம் மலத்தோடு வெளியேறுகிறது. சிறிய போத்தலொன்றில் மலமாதிரியைக் கொடுத்தாலே போதும். அத்துடன் எம்.ஆர்.ஐ. படமும், பழகிய கைகளில் அல்ட்ராசவுண்ட் கருவியும் குடற்சுவரின் தடிப்பைக் காட்டும்.

இச்சோதனைகளின் வழியே சிகிச்சையை நடத்தினால் பலன் உண்டா என்பதை 'காம்' எனப்படும் ஆய்வு 2017 இல் சோதித்துக் காட்டியது. 22 நாடுகளில் 244 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினருக்கு அறிகுறி கூடினால் மருந்தைக் கூட்டினார்கள். மற்றப் பிரிவினருக்கு அறிகுறி இல்லாவிடினும், மலத்தில் கல்புரொடெக்டின் கிராமுக்கு 250 மைக்ரோகிராமை எட்டினாலோ, சி.ஆர்.பி. உயர்ந்திருந்தாலோ மருந்தைக் கூட்டினார்கள். மருந்துகள் இரு பிரிவினருக்கும் ஒன்றே. 48 வாரங்களின் பின்னர், முதற்பிரிவில் 30 சதவீதத்தினருக்கும் இரண்டாம் பிரிவில் 46 சதவீதத்தினருக்கும் குடற்புண் ஆறியிருந்தது. இவர்களில் 122 பேரை மேலும் தொடர்ந்து அவதானித்த அறிக்கை 2020 இல் வந்தது. அறிகுறியும் தணிந்து புண்ணும் ஆறியவர்களுக்கு, அடுத்த மூன்று ஆண்டளவில் நோய் முற்றும் ஆபத்து 81 சதவீதம் குறைவாக இருந்தது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, 2015 இல், அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வு சத்திரசிகிச்சைக்குப் பிந்திய காலத்தை எடுத்துக்கொண்டது. ஆறாம் மாதத்திலேயே குடலை உள்ளே பார்த்து, நோய் தெரிந்தால் சிகிச்சையைக் கடுமையாக்கியபோது, 18 ஆம் மாதத்தில் நோய் மீண்டிருந்தவர்கள் 49 சதவீதம். அவ்வாறு பார்க்காமல் விட்டவர்களில் 67 சதவீதம்.

மிகப் பிந்திய சான்று 2024 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு. நோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 386 பேர். வழமையான முறை என்னவென்றால், முதலில் ஸ்டீரொய்ட், பின்னர் நோய் திரும்பத் திரும்ப வந்தால் படிப்படியாக வலுவான மருந்து. ஆய்வில் ஒரு பிரிவினருக்கு இப்படியேறாமல் தொடக்கத்திலேயே இன்ஃபிளிக்ஸிமப் ஊசியும் துணை மருந்தும் கொடுத்தார்கள். ஓராண்டு முடியும் வேளையில், ஸ்டீரொய்டோ சத்திரசிகிச்சையோ இன்றி நோய் அடங்கியிருந்தவர்கள் இப்பிரிவில் 79 சதவீதம்; படிப்படியான முறையில் 15 சதவீதம். சத்திரசிகிச்சை தேவைப்படும் அளவுக்கு வயிற்றில் சிக்கல் ஏற்பட்டவர்கள் முன்னைய பிரிவில் ஒருவர், பின்னைய பிரிவில் பத்துப் பேர். வலுவான மருந்தினால் தொற்றுநோய்கள் பெருகும் என்று அஞ்சியது போலவும் நடக்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். குரோன்ஸ் நோயில் நோயாளிக்கு இருக்கும் முதல் உரிமை, அவருடைய அழற்சி அளக்கப்படும் உரிமை. 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டு மருந்துத் துண்டை நீட்டுவது இந்நோய்க்குச் சிகிச்சையாகாது. சர்வதேச நிபுணர்கள் 2015 இலும் 2021 இலும் வகுத்த வழிகாட்டல்களும் அறிகுறி தணிவதோடு நிற்காமல் புண் ஆறுவதையும் சிகிச்சையின் இலக்காக வைத்திருக்கின்றன. 2021 இன் வழிகாட்டல் அதற்கு மேலும் சென்று, நோயாளியின் வாழ்க்கைத் தரம் மீள்வதையும், பிள்ளைகளாயின் அவர்கள் வயதுக்கேற்ப வளர்வதையும் இலக்குகளாகச் சேர்த்தது.

இனி, நம்மவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலம், வயிற்றோட்டம், மலவாய்ப்புண் என்பனவெல்லாம் நமது வீடுகளில் உரத்துப் பேசும் விடயங்கள் அல்ல. நீரிழிவைப் பந்தியில் இருந்து பேசுவோம். மலத்தைப் பற்றி வைத்தியரிடமே மென்று விழுங்குவோம். திருமண வயதில் ஒரு பெண்பிள்ளைக்கு இந்நோய் என்றால் அது குடும்ப இரகசியமாகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது. ஐரோப்பிய நாடொன்றில் வளர்ந்த பிள்ளை. நோய் கண்டு, மருந்து தொடங்கி, ஒரு வருடத்தில் நன்றாகத் தேறிவிட்டாள். கலியாணப் பேச்சு வந்தது. "அண்ணை, பிள்ளைக்கு இப்ப ஒரு குறையுமில்லை, ஊசியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாருக்கு ஏன் சொல்லுவான்" என்று தாய் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். சொல்லுங்கள் என்றுதான் நான் கூறினேன். சொல்லவில்லை. ஊசி நிறுத்தப்பட்டது. ஒன்றரை வருடம் எந்தத் தொல்லையும் இருக்கவில்லை. அதன் பின்னர் ஒருநாள் குடல் அடைப்பு, அவசர சத்திரசிகிச்சை, சிறுகுடலில் ஒரு பகுதி போயிற்று. உண்மை அறிந்த மாப்பிள்ளையோ, "முதலே சொல்லியிருந்தால் நானே கூட்டிக்கொண்டு போயிருப்பன் மாமி" என்றாராம். அந்தக் குடும்பத்தைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையின் முகத்தில் தெரிந்த சுகத்தை அவர்கள் நம்பினார்கள். எந்தத் தாய்தான் நம்பமாட்டாள்?

கருத்தரிக்கும் காலத்திலும் இதே தவறான நம்பிக்கைதான் ஆபத்தாகிறது. 'வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மருந்து எதற்கு' என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் கருவுக்கு ஊறு செய்வது பெரும்பாலும் மருந்தல்ல, அடங்காத அழற்சிதான். நோய் தீவிரமாக இருக்கும்போது கருத்தரித்தால் கருச்சிதைவும், குறைமாதப் பிரசவமும், குழந்தை எடை குறைந்து பிறப்பதும் அதிகரிக்கின்றன. மெதொட்ரெக்ஸேட் போன்ற மருந்தைக் கட்டாயம் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். ஏனைய பெரும்பாலான மருந்துகளை வைத்தியரின் ஆலோசனையுடன் தொடரலாம். தாமாக நிறுத்துவதே கேடு.

இத்தனையும் சொன்ன பின்னர் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மருந்துக் கம்பனிகள் நோயாளியைவிட்டு எண்களைத் துரத்த வைக்கின்றன என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது முற்றிலும் பொய்யல்ல. மேலே நான் குறிப்பிட்ட 'காம்' ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, அதில் பயன்பட்ட அடலிமுமப் மருந்தைத் தயாரிக்கும் ஆப்வி நிறுவனம். மருந்தைக் கூட்டுவதால் பலன் உண்டு என்ற முடிவு அந்நிறுவனத்துக்கு இலாபமானது என்பதை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் 1990 இன் இரு ஆய்வுகளும் இம்மருந்துகள் பிறக்கும் முன்னரே நடந்தவை. இன்ஃபிளிக்ஸிமப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1998 இல்தான். விற்பவன் சொல்வதை ஐயுறுவது நல்லது. விற்பனைக்குப் பொருளே இல்லாத காலத்தில் கண்ட உண்மையையும் சேர்த்து ஐயுறுவது மடமை.

இன்னொரு நியாயமான கேள்வி. மிகச் சிறந்த கண்காணிப்பு நடந்த பிரிவிலும் புண் ஆறியவர்கள் 46 சதவீதத்தினர்தானே? உண்மை. ஆகவே, புண் ஆறாத நோயாளியை ஏதோ பரீட்சையில் தவறியவர் போல நடத்தக்கூடாது. எல்லோருக்கும் எட்டாத இலக்கு அது. ஓரளவு அழற்சி எஞ்சியிருந்தாலும் மேலும் மேலும் மருந்தை ஏற்றாமல், அவதானித்திருப்பதே நல்லது என்று வைத்தியரும் நோயாளியும் சேர்ந்து முடிவெடுக்கும் தருணங்களும் உண்டு. ஆனால் அந்த முடிவு தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். தெரியாமல் விழுந்த குழியாக இருக்கக்கூடாது.

அளத்தல் எப்போதும் மருந்தைக் கூட்டத்தான் உதவும் என்பதுமில்லை. குடலில் அழற்சி முற்றாக அடங்கிய பின்னரும் சிலருக்கு வலியும் வயிற்றோட்டமும் தொடர்வதுண்டு. பழைய தழும்போ, பித்தநீர் சரியாக உறிஞ்சப்படாமையோ, குடலின் உணர்ச்சி மிகுதியோ காரணமாக இருக்கலாம். அவர்களுக்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தைக் கூட்டுவது வீண், ஆபத்தும்கூட. அத்தகையவரை அநாவசிய மருந்திலிருந்து காப்பாற்றுவதும் அதே சோதனைதான்.

நமது பிராந்தியத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது: காசநோய். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அதே இடத்தில் குடல் காசநோயும் வரும். புண்ணும் ஒடுக்கமும் இரண்டிலும் ஒரே மாதிரித் தோன்றும். இலங்கையிலும் இந்தியாவிலும் வைத்தியர்கள் இவ்விரண்டில் எது என்று திணறுவதில் வியப்பில்லை. ஒன்றுக்குரிய மருந்து மற்றதற்கு நஞ்சாகலாம். இன்ஃபிளிக்ஸிமப் உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடியது. 2001 இலேயே 70 பேர் அவ்வாறு பாதிக்கப்பட்டமை பதிவாகியது. அதனால்தான் ஊசி தொடங்குமுன் நெஞ்சுப் படமும் காசநோய்ச் சோதனையும் கட்டாயம். மறுபுறம், குரோன்ஸ் நோயாளிக்குக் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்துக் காத்திருந்தால் அந்த மாதங்களில் குடல் ஒடுங்கிவிடும. ஐயத்தின் பேரில் காசநோய் மருந்து தொடங்கினாலும், இரண்டு மூன்று மாதங்களில் குடலை மீண்டும் பார்த்துப் புண் ஆறுகிறதா என்று அறிய வேண்டும். 'பசி வந்துவிட்டது, எடை கூடிவிட்டது' என்பது இங்கும் போதாது.

இலங்கையில் இந்நோய் இன்னும் அரிதானது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் வைத்தியசாலைகளை அடிப்படையாகக் கொண்டு நடத்தி 2010 இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, இலட்சம் பேருக்கு 1.2 பேர் என்று கண்டது. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் குடியேறியோரையும் அவர்களின் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2015 இல் வெளியான முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. எவ்வளவு இளம் வயதில் குடியேறினார்களோ அவ்வளவுக்கு அழற்சிக் குடல்நோயின் ஆபத்துக் கூடியது. தெற்காசியப் பெற்றோருக்கு அங்கே பிறந்த பிள்ளைகளின் ஆபத்து, கனடியப் பெற்றோரின் பிள்ளைகளுடைய ஆபத்தை ஒத்திருந்தது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் பெற்றோர், 'எங்கட பரம்பரையில் இப்படி ஒரு வருத்தம் இல்லையே' என்று பிள்ளையின் வயிற்றுவலியை ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

செலவு என்றொரு சுவர் இருக்கிறது. அதை நான் அறியாதவனல்லன். 2022 இல் இலங்கையில் சாதாரண மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததைக் கண்டோம். ஆனால் நிலைமை சிறிது சிறிதாக மாறுகிறது. இன்ஃபிளிக்ஸிமப் மருந்துக்கு ஒப்பான மாற்று மருந்துக்கு ஐரோப்பாவில் 2013 இல் அனுமதி கிடைத்தது. அடலிமுமப் மருந்தின் மாற்று இந்தியாவில் 2014 இல் சந்தைக்கு வந்தது. மேலும், அளப்பதற்கு ஆகும் செலவு, அளக்காமல் விட்டு ஈற்றில் செய்யும் சத்திரசிகிச்சையின் செலவுக்கு முன் சிறியது. இலவச மருத்துவம் நமது நாட்டின் பெருமை என்று சொல்லிக்கொள்கிறோம். மலத்தில் கல்புரொடெக்டின் அளக்கும் வசதியும், குடலை அல்ட்ராசவுண்ட் மூலம் பார்க்கப் பழகிய கைகளும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ள அரச போதனா வைத்தியசாலைகளில் ஓர் ஏழை நோயாளிக்கும் எட்ட வேண்டும். சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டியது இது.

நோயாளிகளும் அவர்களது பெற்றோரும் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை வேறு. என் குடலில் இப்போது அழற்சி இருக்கிறதா? அதைக் கடைசியாக எப்போது, எதனால் அளந்தீர்கள்? அடுத்து எப்போது அளப்பீர்கள்? இம்மருந்து புண்ணை ஆற்றுகிறதா, அல்லது வலியை மட்டும் தணிக்கிறதா? இவை நான்கும் அதிகப்பிரசங்கித்தனமான கேள்விகள் அல்ல. நல்ல வைத்தியர் எவரும் இதற்குக் கோபிக்க மாட்டார். ஸ்டீரொய்டில் மாதக்கணக்காக இருப்பவர் நான்காவது கேள்வியை நாளைக்கே கேட்க வேண்டும். புகைப்பவர் ஒரு கேள்வியும் கேட்கத் தேவையில்லை; இன்றே நிறுத்த வேண்டும்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு சொல். உணவுக்கு இந்நோயில் இடமே இல்லை என்று கூறுபவன் நானல்லன். பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை முழுமையான திரவப் போசாக்கு உணவை மட்டும் கொடுத்து நோயை அடக்குவது, ஸ்டீரொய்டுக்கு முன்னதாகவே பரிந்துரைக்கப்படும் சிகிச்சை. ஆனால் அது வைத்தியரும் போசாக்கு நிபுணரும் வழிநடத்தும் சிகிச்சை. யாரோ சொன்னார் என்று மோரும் கஞ்சியும் குடித்து, வலி குறைந்ததும் மருந்தை விட்டுவிடுவது அதுவல்ல.

நோயாளி சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். அவருடைய வலியும் களைப்பும் வெட்கமும் எந்த ஆய்வுகூடத்துக்கும் தெரியாதவை. ஆனால் அவருடைய குடலில் நடப்பது அவருக்கே தெரியாதது. இரண்டையும் சேர்த்துக் கேட்கும் வைத்தியமே அவருடைய அடுத்த ஐம்பது ஆண்டுகளைக் காக்கும். நெருப்பு அணைந்துவிட்டதா என்பதை நீற்றைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிளறிப் பார்க்கத்தான் வேண்டும்.